முடி வளரும் வரை

பங்குனி 5, திங்கட்கிழமை

எல்லோரும் சாவு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். மாப்பிள்ளை தனசேகரை இன்று எடுக்கிறார்கள். என் மகள் கோகிலவாணி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஐ.சி.யு.வில் கிடக்கிறாள். புருஷன் போனது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு இப்போது எதுவுமே தெரியாது.

சனிக்கிழமை உடுமலையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ரோட்டோரம் விளக்குப் போடாமல் நின்ற டிப்பர் லாரிக்குள் கார் புகுந்துவிட்டது. அவர் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். இவளுக்கு மண்டைக்குள் ரத்தம் கட்டி ஆபரேஷன் செய்தார்கள். இடது பக்கம் விலா எலும்புகள் ஒடிந்திருக்கின்றன. தொடை எலும்பும். பேரனை அவன் அப்பனைப் பெற்ற ஆத்தா வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் புத்தியை எந்தச் சாமி கொடுத்ததோ.

ஜெசிந்தா என்று ஒரு நர்ஸ், நாகர்கோவில் பக்கத்துப் பெண், "டாக்டர் சொல்றத எழுதி வைங்கம்மா, பதட்டத்துல மறந்து போகும்" என்று மருந்துக் கம்பெனி டயரி ஒன்றைக் கொடுத்தாள். நான் அஞ்சாவது வரை படித்தவள். என் ஞாபகத்துக்கு எழுத்து வேண்டியதில்லை. என் கல்யாணப் பந்தியில் யார் யாருக்குப் பாயசம் வராமல் போனது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பேரன் சர்வேஷுக்கு ஆறு வயது இன்னும் முடியவில்லை. அவனை வைத்துத்தான் கொள்ளி வைக்கப்போகிறார்கள். தலையை மொட்டை அடிப்பார்கள். "சின்னப் பையன், பயந்துக்குவான். பங்காளி யாராச்சும் வெக்கட்டும்" என்று அங்கிருந்து போன் வந்தபோது சொன்னேன். சம்பந்தியம்மா ராமாத்தாள், "எம் பையனுக்குப் பையன் இருக்கறப்ப பங்காளி எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மருமகன் சாவுக்கு மாமியார் வரவில்லை என்று ஊர் பேசும். பேசட்டும். என் வீட்டுக்காரர் போனபோது அந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. கோகிலா அப்போது ஏழு மாதக் கர்ப்பம். அப்பன் செத்ததை அவளிடம் சொல்லாமல் மறைத்தவர் இந்த மாப்பிள்ளைதான். "அப்பாவுக்கு நல்லாருக்குது, நல்லாருக்குது" என்றே சொல்லி வைத்திருந்திருக்கிறார். பிரசவத்துக்கு வந்தவள் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். நிறை வயிற்றோடு வாசற்படியில் நின்று அவள் கத்திய கத்தல் என் காதிலேயே இருக்கிறது. அன்றிலிருந்து அவரிடம் நான் பேசியதில்லை. வந்தால் சாப்பாடு போடுவேன். பேச மாட்டேன்.

பங்குனி 6, செவ்வாய்

கண் திறக்கவில்லை. பாதத்தைத் தொட்டேன். சூடு இருக்கிறது.

பங்குனி 8, வியாழன்

இங்கே எனக்குப் பெயர் கோகிலவாணி அட்டெண்டர். மைக்கில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மருந்து வாங்கி வா என்றாலும் அதே குரல், ஆள் போய்விட்டது என்றாலும் அதே குரல். நேற்று காலையில் "ஆறுமுகம் அட்டெண்டர்" என்றார்கள். எனக்குப் பக்கத்தில் பாய் போட்டிருந்த பெண் பல் விளக்கிக்கொண்டிருந்தவள், பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினாள். திரும்பி வரவில்லை. அவள் பாயைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

டாக்டர் என் மகன் மூர்த்தியிடம் இங்கிலீஷில் பேசுகிறார். "எனக்கும் சொல்லுங்க தம்பி, பெத்தது நானு" என்றேன்.

"மூளை வீக்கம் குறையணும்மா. குறைஞ்சா முழிப்பாங்க."

"குறையலீன்னா?"

டாக்டர் மூர்த்தியைப் பார்த்தார். மூர்த்தி என்னைப் பார்த்தான். தொண்டையில் துளை போட்டு மூச்சுக் குழாய் வைக்க வேண்டுமாம். மூர்த்தி கையெழுத்துப் போட்டான்.

"பேசுங்கம்மா" என்றாள் ஜெசிந்தா. "கேக்குதோ இல்லையோ, சொந்தக் குரல் நல்லது. பழைய சந்தோஷமான விஷயமா பேசுங்க."

உள்ளே போய் அவள் காதோரம் குனிந்தேன். காது குத்தின கதையை ஆரம்பித்தேன். பாதியில் பார்த்தால், காற்றில் பறக்கிற மாதிரி ஒரு கம்மலைக் கொண்டுவந்த என் நாத்தனாரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். சரி என்று பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவள் ஆடினதை எடுத்தேன். அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தின டீச்சரின் குடும்பத்தையே இழுத்துவிட்டேன்.

ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சண்டை இல்லாம ஒண்ணுகூட இல்லையாம்மா?" என்றாள்.

வெளியே வந்து யோசித்தேன். இருக்கிறது. மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியைத் தன் ஸ்கூல் யூனிஃபார்மால் துடைத்துவிட்டாள், ஒரு நாள். அன்றைக்கு நான் அவளை அடித்தேன். அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை.

பங்குனி 10, சனி

துணி துவைத்தேன். மொட்டை மாடியில் காயப்போட இடம் பிடிக்க ஒரு சண்டை. தாராபுரத்துக்காரி ஒருத்தி என் சேலையை எடுத்து ஓரமாகப் போட்டிருந்தாள். முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

கோகிலாவின் தலையில் கட்டு மாற்றினார்கள். முடி ஒன்றுகூட இல்லை. இடுப்புக்குக் கீழே தொங்கின முடி.

பங்குனி 12, திங்கள்

உத்திரம். கீழே ரோட்டில் பழனிக்கு நடக்கிறவர்கள் கூட்டம். ஜன்னலில் நின்று கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன். கண் திறந்திருந்தது.

என்னைப் பார்க்கவில்லை. மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கோகிலா" என்றேன். "அம்மிணி" என்றேன். அப்புறம் ஏனோ தெரியவில்லை, "ஏய், எந்திரி, பஸ்ஸு வந்துரும்" என்று ஒரு அதட்டு அதட்டினேன். கண் திரும்பியது. மெதுவாக, பாரவண்டி திரும்புகிற மாதிரி. என் மேல் வந்து நின்றது.

பங்குனி 16, வெள்ளி

இன்று உதட்டை அசைத்தாள். தொண்டையில் குழாய் இருப்பதால் குரல் வராது. நான் குனிந்து குனிந்து பார்த்தேன், புரியவில்லை. ஜெசிந்தாதான் உதட்டைப் படித்துச் சொன்னாள்: "அவர் எங்கேன்னு கேக்காங்க."

மூர்த்தி முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தான். இப்போது வேண்டாம், உடம்பு தாங்காது, கொஞ்சம் தேறட்டும் என்று சொல்லியிருந்தார். ஆனால் அவள் கேட்கிறபோது மூர்த்தியும் இல்லை, டாக்டரும் இல்லை. நான்தான் இருந்தேன்.

"மாப்பிள்ளைக்குக் கால்ல அடி. பொள்ளாச்சியில வேற ஆஸ்பத்திரியில இருக்காரு. உன்னையத்தான் கேட்டுட்டே இருக்காராம்" என்றேன்.

கழுத்தைத் தடவிப் பார்த்தாள். தாலி எங்கே என்று. "ஆபரேஷனுக்குக் கழட்டுனதும்மா, அம்மாட்ட பத்திரமா இருக்கு" என்று ஜெசிந்தா சொன்னாள். கோகிலா என் விரலைப் பிடித்து அழுத்தினாள். அடிபட்டதிலிருந்து அவள் கையில் பலம் வந்தது இதுதான் முதல் தடவை. அம்மா மாப்பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள் என்ற சந்தோஷம் போலிருக்கிறது.

பங்குனி 18, ஞாயிறு

நேற்று அவர் இட்லி சாப்பிட்டார். இன்று ரசம் சாதம். கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகுமாம். வலிக்கு ஊசி போட்டிருப்பதால் போனில் பேச முடியாதாம். எல்லாம் நான் சொன்னதுதான். உயிரோடு இருந்தவரையில் ஒரு வார்த்தை பேசாதவள், செத்தவருக்குத் தினமும் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பங்குனி 20, செவ்வாய்

அங்கே காரியம் எல்லாம் முடிந்துவிட்டது. சம்பந்தியம்மா வந்தாள். கையில் தூக்குப் போசி. ஆள் பாதியாகியிருந்தாள். ஹால் வாசலிலேயே நின்றாள். நானும் எழவில்லை.

"எப்பிடி இருக்கறா?"

"இருக்கறா."

"ஒருவாட்டி பாக்கலாமுங்களா?"

"மூஞ்சிய இப்பிடி வெச்சுட்டு எப்பிடிங்க பாப்பீங்க? பாத்த ஒடனே தெரிஞ்சுக்குவா."

"வேற மூஞ்சிக்கு நான் எங்கீங்க போறது?" என்றாள்.

நான் மைக் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலி ஒன்று விட்டு உட்கார்ந்தாள். அவளே பேசினாள்.

"எழவுக்கு வல்லீன்னு நான் கொறை சொல்லலீங்க. பெத்த புள்ள இங்க கெடக்குது, எப்பிடி வருவீங்க? ஆனா ஒரு போன் போட்டு, 'போயிட்டாரா'ன்னு ஒரு வார்த்தை. ஊரே வந்து கையப் புடிச்சு அழுதுட்டுப் போச்சு. நீங்க இன்னும் கேக்கலீங்க சம்பந்தி."

"எங்க வீட்டுக்காரருக்கு யாருங்க வந்து கேட்டாங்க?" என்றேன்.

அவள் போசியை நாற்காலியில் வைத்தாள். "அரிசிம்பருப்புச் சாதம். சூடா இருக்கறப்பவே சாப்புடுங்க. நீங்க வுழுந்துட்டா அவளுக்கு யாரு இருக்கறாங்க?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் தொடவில்லை. வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். தேங்காய் எண்ணெய் தாராளமாக விட்டிருந்தாள். வாசம் சாயங்காலம் வரைக்கும் என்னைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

பங்குனி 23, வெள்ளி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். தொண்டைக் குழாயை எடுத்துவிட்டு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு பேசுகிறாள். கரகரவென்று கிழவன் குரல் மாதிரி இருக்கிறது. முதல் வார்த்தை "அம்மா" இல்லை. "சர்வேஷ்."

"சின்னப் பசங்கள உள்ள வுட மாட்டாங்க கண்ணு. தொத்திக்குமாம்."

"போன்ல?"

"ஆத்தாகூடப் பழனிக்குப் போயிருக்கறான்" என்றேன். அடுத்த பொய்க்கு இனிமேல் நான் எங்கே போவேன்.

பையனிடம் போனைக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அவன் முதலில் சொல்லப்போவது அப்பாவைப் பற்றித்தான். கூட்டிக்கொண்டு வரவும் முடியாது. மொட்டைத் தலை. நம் பக்கத்தில் அப்பன் இருக்கிற பையனுக்கு இந்த மாதிரி திடீரென்று மொட்டை எதற்கு? பழனிக்கு வேண்டுதல் என்று சொல்லிவிடலாம் என்றேன். "பையனே சொல்லீருவாம்மா. முடி கொஞ்சம் வளரட்டும். அதுக்குள்ள அவளும் தேறீருவா" என்கிறான் மூர்த்தி.

முடி. என் மகளின் உசிர் ஒரு பையன் தலையில் முளைக்கிற முடியில் வந்து நிற்கிறது.

பங்குனி 25, ஞாயிறு

மூர்த்தி ஒரு வேலை செய்தான். பொங்கலுக்கு எடுத்த வீடியோ அவன் போனில் இருந்தது. சர்வேஷ் எங்கள் வாசலில் கரும்பைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். நெற்றியில் முடி விழுந்து கிடக்கிறது. கரும்பு தெரியாமல் முன்னாலும் பின்னாலும் வெட்டி, சிரிக்கிற இடத்தை மட்டும் வைத்துக் காட்டினான்.

கோகிலா போனை வாங்கி, மறுபடியும் மறுபடியும் பார்த்தாள். மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தாள்.

"எப்ப எடுத்ததுண்ணா?"

"நேத்து" என்றான் மூர்த்தி.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பங்குனி 27, செவ்வாய்

கஞ்சி வேண்டாம் என்கிறாள். இளநீர் வேண்டாம். பேச்சு இல்லை. புருஷனைப் பற்றியும் கேட்கவில்லை, பையனைப் பற்றியும் கேட்கவில்லை. உடம்பு அலுப்பு என்று நர்ஸ் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பங்குனி 29, வியாழன்

மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிற பையன் வந்தான். விலா ஒடிந்ததால் ஆழ மூச்சு இழுக்க அவளுக்குப் பயம். ஆனால் இழுத்து, இருமி, சளியைத் துப்பியாக வேண்டுமாம். உருண்டை உருண்டையாகப் பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குழாய் வழியாக மூச்சை இழுக்கச் சொல்கிறான். கோகிலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவன எங்கம்மா பொதைச்சீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யார?"

"எம் பையன. நம்ம காட்டுலயா, அவங்க காட்டுலயா?"

குழந்தைகளை எரிப்பதில்லை, சொந்தத் தோட்டத்தில் புதைப்பதுதான். அந்த அளவுக்கு யோசித்து வைத்திருக்கிறாள்.

"ஏ, என்ன பேச்சுப் பேசற! பையன் உங்க மாமியா வூட்டுல இருக்கறான். அன்னிக்கு அவன நீங்க கூட்டிட்டே போகல!"

"பின்னாடி சீட்டுல தூங்கிட்டு வந்தான். எனக்குத் தெரியும்."

அன்றைய நாளே அவளுக்கு ஞாபகம் இல்லை. வேறு ஏதோ ஒரு நாளைக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறாள். நான் எதையும் மறக்காதவள். என் வயிற்றில் பிறந்தவளுக்கு இப்படியா?

"வீடியோ பாத்தியே, கண்ணு!"

"அண்ணன் நேத்து எடுத்ததுன்னுச்சு. அவனுக்கு மேல் பல்லு வுழுந்து மாசமாச்சும்மா. கூரை மேல தூக்கிப் போட்டதே நானு. அந்த வீடியோவுல பல்லு இருக்குது."

என் கண் மேல் சத்தியம், உன் அப்பன் மேல் சத்தியம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பாவுக்கு நல்லாருக்குதுன்னு அவரு சொல்லீட்டே இருந்தப்ப அவரு மூஞ்சி எப்பிடி இருந்துச்சோ, அதே மூஞ்சிதாம்மா இப்ப நீ வெச்சிருக்கற."

குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடி பார்க்கவில்லை.

பங்குனி 31, சனி

காய்ச்சல். தண்ணீர்கூட இறங்கவில்லை. மறுபடியும் மூக்கில் ட்யூப் போட்டார்கள்.

சித்திரை 1, ஞாயிறு

வருஷப் பிறப்பு. கேன்டீனில் எல்லோருக்கும் பாயசம் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வெளியே கூப்பிட்டார். இன்று இங்கிலீஷ் இல்லை. "நெஞ்சுல சளி கட்டிருச்சும்மா. மருந்து மட்டும் போதாது. அவங்களா மூச்சு இழுக்கணும், அவங்களா இருமணும். இப்படியே படுத்திருந்தாங்கன்னா மறுபடி மிஷின்ல போட வேண்டி வரும். இந்தத் தடவை மிஷின்லேர்ந்து எடுக்கறது கஷ்டம்."

அவளிடம் போய்ச் சொன்னேன். அதட்டினேன். கையைக் காலைப் பிடித்தேன். "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். அவ்வளவுதான்.

மூர்த்தி தூணில் சாய்ந்து நின்றான். "குச்சி குச்சியா முடி வந்துருச்சாம்மா. இன்னும் ஒரு வாரம் போனா, வெயிலுக்கு ஒட்ட வெட்டுனோம்னு சொல்லிக்கலாம்."

"ஒரு வாரத்துல நீ யாருக்குடா சொல்லுவ?" என்றேன். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பாவம், அவனும் தங்கச்சிக்காகத்தான் செய்தான். எனக்கு அவனைத் தட்டிக்கொடுக்க நேரமில்லை. அவன் போனை வாங்கி ராமாத்தாளுக்குப் போட்டேன். ஆறு வருஷத்தில் நானாகப் போடுகிற முதல் போன்.

"நான்தானுங்க, கோகிலா அம்மா."

"போயிட்டாளா?" என்றாள். நான் கூப்பிட்டால் அதற்குத்தான் கூப்பிடுவேன் என்று இருந்திருக்கிறாள்.

"இல்லீங்க. பையனக் கூட்டிட்டு நாளைக்குக் காலீல வாங்க."

"மூர்த்தி வேண்டாம்னு..."

"நான் சொல்றனுங்க. தொப்பி கிப்பி போட்டுட்டு வந்தராதீங்க. தலை தெரியட்டும்."

"அவகிட்ட யாருங்க சொல்றது?"

"நானு."

"ஏனுங்க, உங்களுக்கு அவன் மேல கோவம் உண்டு, எனக்குத் தெரியும். சொல்றப்ப எம் பையன நல்லவனாவே சொல்லி முடிச்சுருங்க."

சித்திரை 2, திங்கள்

காலையில் கோகிலாவுக்கு முகம் துடைத்துவிட்டேன். வார்டு நர்ஸிடம், பையன் வருவான், தடுக்காதே என்று சொல்லி வைத்தேன். "டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். கேட்டேன் என்றேன். இதுதான் நான் சொன்ன கடைசிப் பொய்.

கட்டிலோரம் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து யோசித்து வந்ததெல்லாம் ஒன்றும் வாயில் நிற்கவில்லை.

"கோகிலா, உம் பையன் கீழ நிக்கறான். உசுரோட நிக்கறான். இப்ப மேல வரப்போறான்."

அவள் திரும்பவில்லை.

"அவனப் பாத்தா உனக்கு ஒண்ணு தெரிஞ்சுரும். அதனாலதான் இத்தன நாளா காட்டல. அத நானே சொல்லீர்றேன். பையனுக்கு மொட்டை அடிச்சிருக்குது, அம்மிணி."

அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் மெல்ல என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு என் முகம் எப்படி இருந்ததோ, நம்பினாள்.

"எப்ப?"

"அன்னிக்கே. அங்கயே."

"இட்லி சாப்புட்டாருன்னு சொன்னியே."

"பொய்."

"என்னையக் கேட்டாருன்னு சொன்னியே."

"அதும் பொய்தான், கண்ணு."

கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு ஓரத்திலும் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. நான் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே ராமாத்தாள் பையனோடு உள்ளே வந்துவிட்டாள். சர்வேஷ் கட்டிலுக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிட்டான். தலையில் முடி இப்போதுதான் முள் மாதிரி எழும்பியிருக்கிறது. மேல் பல் இல்லை. அம்மாவின் தலையையே பார்த்தான்.

"அம்மா, நீ யாருக்குக் கொள்ளி வெச்சே?"

கோகிலா கையை நீட்டினாள். அவன் கிட்டே போனான். அவள் அவன் தலையைத் தடவினாள். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். காதைப் பிடித்துப் பார்த்தாள். பல் விழுந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"நெருப்பு சுட்டுச்சா சாமி?"

"இல்ல. மாமன் கையப் புடிச்சுக்குச்சு" என்றான்.

அப்போது அவளுக்கு அழுகை வந்தது. முதல் விம்மலிலேயே ஒடிந்த விலா குத்திவிட்டது. வாய் திறந்தபடி நின்றுபோனது, சத்தம் வரவில்லை, முகம் வெளுத்துவிட்டது. நர்ஸ் ஓடி வந்து மாஸ்க் வைத்தாள். "அழாதீங்க மேடம், கண்ட்ரோல் பண்ணுங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வந்தது. கோகிலா மாஸ்க்கைத் தள்ளிவிட்டு என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னால முடியலம்மா. குத்துது. நீ அழு."

"நானா?"

"அவருக்கு யாராச்சும் என் காது கேக்க அழுகோணும். நீ அழும்மா."

நான் திரும்பினேன். ராமாத்தாள் கட்டில் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் பிடித்திருந்த கையைக் கம்பியிலிருந்து எடுத்தேன். "போயிட்டாருங்களா?" என்று கேட்டேன்.

இத்தனை நாள் அந்த அழுகையை எங்கே வைத்திருந்தாளோ, அப்படியே என் தோளில் விழுந்தாள்.

சத்தம் போடக்கூடாத இடம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதோம். அழுகிறபோது போனவர் செய்ததையெல்லாம் சொல்லி அழ வேண்டும். என்னிடம் இருந்ததைத்தானே நான் சொல்ல முடியும்? எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார் சாவை மறைத்தாயே சாமி, மகளைக் கடைசி முகம் பார்க்க விடவில்லையே என்று அதையும் சொன்னேன். நான் பேசவில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் இலையை மூடிவிட்டு, "நல்லாருந்துச்சுங்க அத்தே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாயே, இனி யார் சொல்வார் என்று சொன்னேன். என் வீட்டுக் கேஸ் சிலிண்டரை ஒவ்வொரு தடவையும் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவாயே என்று சொன்னேன். எதையும் நான் விடவில்லை. மறக்கவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. அழுகை மட்டும் நிற்கவில்லை.

நர்ஸ் இரண்டு தடவை வந்து, "அம்மா, மெதுவா, மத்த பேஷண்ட் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கோகிலா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பையன் அவள் கைக்குள் தலையை வைத்திருந்தான்.

"அப்பறம்?" என்றாள்.

சிலிண்டருக்கு அப்புறம் என்ன என்று நான் மூக்கைச் சிந்தி யோசிக்கும்போது அவள் இருமினாள். ஒரு கையால் பையனை விடாமல், இன்னொரு கையால் விலாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடியும் இருமினாள். ராமாத்தாள் கிண்ணத்தை எடுத்து அவள் வாயருகே பிடித்தாள். நான் முதுகைத் தாங்கினேன்.

"இருமு கண்ணு, இன்னும் நல்லா இருமு" என்று இரண்டு பேரும் அழுதுகொண்டே சொன்னோம்.